கட்டினவன் வரட்டும்

“வெளியே வையுங்கன்னா வையுங்க, எத்தன வாட்டி நான்—”

“மழ கொட்டுதுடி, மரச்சாமான், கல்யாண முருங்க மரம், தண்ணி பட்டா பஞ்சாட்டம்—”

“ஆகட்டும். செத்தவரு சாமான் இந்த வீட்டுக்கு எதுக்கு?”

“செத்தவரு செத்தவருங்காத. எங்க அண்ணன்.”

“உங்க அண்ணன்தாங்க செத்தவரு! அவ்ளோ பாசம்னா ஆபீஸ்ல கொண்டு போய் வெச்சுக்குங்க.”

“ஆபீஸ்ல கூத்துப் பெட்டியா? அங்க நடக்கற கூத்து பத்தாதா?”

சொல்லிவிட்டு அப்பாதுரையே சிரித்துக்கொண்டார். கஸ்தூரி சிரிக்கவில்லை. கூடத்து நடுவில் தகரப் பெட்டி மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தது. ஜவ்வாது மலையில் அண்ணன் பலராமனுக்குக் கருமாதி முடித்த கையோடு அதை பஸ் கூரையில் ஏற்றி, போளூரில் பஸ் மாற்றி, திருவண்ணாமலையில் ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் வரைக்கும் கொண்டுவந்திருந்தார் மனுஷர். நாலு தலைமுறையாக மலையூர்களில் கூத்தாடிய குடும்பம் அவருடையது. இப்போது ஜமா என்று ஒரு கூத்துக் குழுவே இல்லை. மிருதங்கம் வாசித்தவன் பெங்களூரில் வாட்ச்மேன். முகவீணை ஊதினவன் திருப்பூரில் பனியன் கம்பெனி. மிச்சம் இந்தப் பெட்டிதான்.

அவர் மூடியைத் திறந்தார். பலராமன் இரணியனாக நின்றபோது தலையில் வைத்த கிரீடம், தோளுக்குக் கட்டும் புஜக்கட்டை, மார்க்கட்டை, சலங்கை. அடியில் துண்டு துண்டாக அறுந்த கயிறு. ஒரு துண்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இந்த முடிச்சைப் பாரு. கயித்துத் தலைப்பு எங்க இருக்குது, கண்டுபிடி பார்க்கலாம். உள்ளயே போயிருக்கும். என் கை. எங்க ஊர்ல வேற எவனுக்கும் வராது.”

“முடிச்சு சரி. கயிறு ஏன் அறுந்திருக்குது?”

அவர் மூடியைச் சாத்தினார். “உள் ரூம்ல அரிசி டிரம்முக்குப் பக்கத்துல வெச்சுக்கிறேன். உன் கண்ணுல படாது.”

“என் மூக்குல படுமே.”

பட்டது. தேங்காய் எண்ணெயில் குழைத்த அரிதாரம், எத்தனையோ ராத்திரிகளின் வியர்வை ஊறிய பழந்துணி, கற்பூரம். கஸ்தூரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். சண்டை என்று வந்தால் வழியை மறித்துக்கொண்டு விரலை ஆட்டி ஆட்டிப் பேசுகிற ஆள் அவர். அன்றைக்கு என்னவோ, அவள் கிட்டே வந்ததும் சட்டென்று ஒதுங்கினார். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் தாண்டிப் போகிறவரை அப்படியே நின்றார்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

*

கார்த்திகை மழை விடுகிற மாதிரி இல்லை. தீபம் ஏற்றி நாலு நாள் ஆகியும் மலை மேகத்துக்குள்ளேயே இருந்தது. உச்சியில் எரிகிற ஜோதி எரிகிறதா அணைந்ததா என்றுகூட வேங்கிக்காலில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. மகள் இனியா வேலூரில் ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் இரண்டே பேர். துணி காயவில்லை, சுவரில் ஈரம் ஏறியது, ஈரத்தோடு சேர்ந்து அந்த வாசனையும் ஏறி உள் அறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து தலையணைக்கும் வந்துவிட்டது. சில வேளை உள் அறையில் மரம் மரத்தோடு உரசி விலகுகிற மாதிரி ஒரு சின்ன சத்தம் கேட்கும். வெகுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்த ஆள் தோளை மெல்ல அசைத்துக் கொடுத்தால் கேட்கிற மாதிரி. எட்டிப் பார்த்தால் பெட்டி மூடியபடி இருக்கும். அரிசி டிரம் இருக்கும். வேறொன்றும் இருக்காது.

துவைக்கப் போட்ட துண்டில் சிவப்பாக என்னவோ பிசுபிசுத்தது.

“என்னங்க இது, மூஞ்சி தொடச்சீங்களா?”

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. இரண்டாவது முறை அவள் குரலை உயர்த்தியதும் யாரையோ கூப்பிடுகிறாள் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். அப்புறம்தான், “என்னையா?” என்றார்.

கூட வேலை பார்க்கிற ராமதாஸ் ஒருநாள் காலையில் ஸ்கூட்டரை நிறுத்தி, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளிடம் கேட்டே விட்டார்.

“மேடம், சாருக்குக் காது மந்தமாயிடுச்சா? அப்பாதுரை அப்பாதுரைன்னு தொண்டை கிழியக் கத்தறேன், பக்கத்து டேபிள்காரன் திரும்பறான், இவரு திரும்பல. டீ வந்துச்சுன்னா மட்டும் கரெக்டா திரும்பறாரு.”

“அண்ணன் செத்த துக்கம்” என்று சொல்லி அனுப்பினாள்.

துக்கம்தான் என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். ஆனால் துக்கத்தில் இருக்கிறவன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் ஏன் தரையைப் பார்க்கிறான்? அவள் கூடத்துக்கு வந்தால் ஏன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நிற்கிறான்? படுக்கையைக் கூடத்தில் விரித்துக்கொண்டார். சாப்பாடு வைத்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். ‘டி’ போட்டுப் பேசுவது நின்றுபோயிற்று. இருபது வருஷமாக அந்த ‘டி’யைக் கேட்டு எரிச்சல்பட்டவளுக்கு, அது இல்லாத வீடு வேறு யாருடைய வீடோ போல் இருந்தது.

காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“வெச்சிட்டுப் போம்மா.”

“என்னா புதுசா அம்மா?”

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “நானா? நானா சொன்னேன்?” கண்ணில் பயம். அந்தப் பயம்தான் அவளுக்குத் தெரிந்த அப்பாதுரையாக இருந்தது.

*

ரேணுகாம்பாள் முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள மலையிலிருந்து இறங்கி வந்தாள். பலராமனின் சம்சாரம், கஸ்தூரிக்கு ஓரகத்தி. மழையில் நனைந்த புடவையைப் பிழிந்துவிட்டுப் பின்கட்டு நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்து சோற்றில் கைவைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பாதுரை வந்தார். அண்ணியைப் பார்த்தார். வழக்கமாக “வாங்க அண்ணி, எப்ப வந்தீங்க” என்று குழைகிறவர், அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து நின்றார்.

“ஆட்டுக்குத் தழ போட்டியா? கஞ்சி காச்சினா எடுத்தா.”

ரேணுகாம்பாள் கையிலிருந்த உருண்டை தட்டில் விழுந்தது.

அப்பாதுரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கிருந்தோ திரும்பி வந்தவர்போல் முகமெல்லாம் வியர்த்து, “அண்ணி, நான் என்ன கேட்டேன் இப்ப?” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கஸ்தூரி” என்றாள் ரேணுகாம்பாள். “அந்தப் பொட்டி இங்கியா இருக்குது?”

“உள் ரூம்ல அக்கா.”

“கெட்டுது போ. பொதச்சிடுன்னு சொல்லித்தான நான் குடுத்தேன். ஏன்யா, அப்பவும் நீ சொன்னத செய்யல, இப்பவும் செய்யல.”

“அப்பன்னா எப்பக்கா?”

“உன் வூட்டுக்காரரு சொல்லலியா? எங்க ஜமாவுல ஒரு வழக்கம் இருக்குது. வேஷங்கட்டி ஆடறவனுக்கு யாரு கட்டு கட்டினாங்களோ அவங்கதான் அவிழ்க்கணும். கூத்து முடிஞ்சதும் அவன நிலைப்படியில உக்கார வெச்சி, பின்னாடி நின்னு, பெத்தவங்க வெச்ச பேரச் சொல்லிக் கூப்புடணும். ‘வந்தேன்’னு அவன் சொல்லணும். அப்பால கட்ட அவிழ்க்கணும். எங்க வூட்டுக்காரருக்கு எப்பவும் இவரு கைதான்.”

“அன்னிக்கு எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருச்சு அண்ணி” என்றார் அப்பாதுரை தரையைப் பார்த்து. “புது ஜில்லா, புது ஆபீஸ். காலைல சேரலன்னா வேல போயிடும். கட்டிட்டு, பாதிக் கூத்துல லாரி ஏறிட்டேன். வேற யாராவது அவிழ்ப்பாங்கன்னு…”

“யார வுட்டாரு? நிலைப்படியில உக்காந்தாரு. கை ரெண்டையும் இப்பிடி அகலமா வெச்சிகினு. யாரு கிட்ட போனாலும், ‘கட்டினவன் வரட்டும்.’ வெயில் ஏறிச்சி. மூஞ்சிச் சாயம் வழிஞ்சி, காஞ்சி, வெடிச்சிது. ‘கட்டினவன் வரட்டும்.’ மறுநாளு நாலு பேரு புடிச்சி அமுக்கிக் கதிரருவாளால கயித்த அறுத்தாங்க. கயித்த அறுத்தாங்க, கட்டு மட்டும் அவரு மேல அப்பிடியே நிக்குது. அதுக்கப்புறம் பலராமான்னு எவன் கூப்பிட்டும் அவரு திரும்பல. சாவற வரைக்கும் திரும்பல. ஆட்டுக்குத் தழ போடுவாரு, கஞ்சி கேப்பாரு, அவ்ளோதான்.”

கஸ்தூரி உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “இவரும் அப்பிடி ஆயிடுவாரா?”

“பேர மறந்துகினே போறாரு, பாத்துகினுதான இருக்கற? முழுசா மறக்கறதுக்குள்ள அந்தக் கட்ட இவரு மேல ஒரு தபா கட்டி, மொறையா அவிழ்த்துடணும். கட்டினவன் கையால அவனே கட்டிக்க முடியாது. ஜமாவுல ஆளும் இல்ல. நீ கட்டு, நீயே அவிழு. பொழுது சாயற நேரத்துல, பகலும் இல்ல ராவும் இல்லங்கறப்ப, இந்த நிலைப்படியிலயே. நான் கிட்ட இருக்கக் கூடாது, செத்தவரு கட்டின தாலிய அறுத்தவ. கடைசி பஸ்ஸுக்கு நான் போயிடறேன்.”

“சரிக்கா.”

“ஒண்ணு கேட்டுக்க. மொத கூப்பிடுதான் கணக்கு. மொத வாய்க்கு இவரு பேருதான் வரணும். புருஷன் பேரு உன் வாயில வருமா? ரேஷன் கடையில கூட உன் பொண்ணத்தான சொல்லச் சொல்லுவ?”

“பேரு சொல்லலன்னா?”

ரேணுகாம்பாள் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். “கிட்ட யாரு நிக்கிறாங்களோ அவங்க வருவாங்க.”

*

மறுநாள் அவர் ஆபீஸுக்குப் போகவில்லை. கஸ்தூரி சின்னக்கடைத் தெருவுக்குப் போய்ப் புது நூல்கயிறு வாங்கி வந்தாள். சாயங்காலம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மிக்ஸியில் தேங்காயைப் போட்டு ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் வாயைத் திறந்து பார்த்தாள்.

“அப்பா…”

இருபது வருஷம் சொல்லாத பேர். உதடு கூசியது. புளிப்பானையைப் பார்த்துச் சொன்னாள். எண்ணெய்த் தூக்கைப் பார்த்துச் சொன்னாள். “அப்பாதுரை. அப்பாதுரை.” ஊருக்கெல்லாம் சாதாரணமான பேர், அவள் வாயில் மட்டும் களவாடிய பண்டம் போல உருண்டது. நாலைந்து தடவை சொன்னபின் கொஞ்சம் பழகியது. வெட்கமாகக்கூட இருந்தது. அப்போதுதான் மின்சாரம் போயிற்று. மிக்ஸி நின்றது. அவள் சிம்னி விளக்கைத் தேடி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள்.

அவர் முன்னமே நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தைப் பார்த்து முகம், அவளுக்கு முதுகு. பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது. மழை தூறலாக இளைத்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை விளிம்பிலிருந்து சொட்டு விழுகிற சத்தம், பக்கத்து மனையில் தேங்கிய தண்ணீரில் தவளைகள், எங்கோ தூரத்தில் கிரிவலப் பாதைப் பக்கம் ஒரு ஒலிபெருக்கி இழுத்து இழுத்துப் பாடி நின்றது. வெளிச்சம் இருட்டாகவும் இல்லை, வெளிச்சமாகவும் இல்லை. வாழை இலையின் பச்சை மட்டும் தெரிந்தது.

“பயமா இருக்குதாங்க?”

“உனக்கு?”

“எனக்கென்ன.” சலங்கையை முதலில் கட்டினாள். அப்புறம் மார்க்கட்டை. அவளுக்குத் தெரிந்தது கோணிமூட்டை கட்டுகிற இரட்டை முடிச்சு ஒன்றுதான். இழுத்து இறுக்கினாள். இரண்டு தலைப்பும் எருமைக்கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

“நெல்லு மூட்டையா கட்டற? மெதுவாடி.”

டி! கஸ்தூரிக்கு அழுகை வந்துவிட்டது. “பேசாம இருங்க” என்று அவர் முதுகில் செல்லமாக ஒரு அடி வைத்தாள். உடம்பு சூடாக இருந்தது. தெரிந்த சூடு. தெரிந்த மச்சம், கழுத்துக்குக் கீழே. சீக்கிரம் முடிந்துவிடும். கட்டி, பேர் சொல்லி, அவிழ்த்து, பெட்டியோடு காலையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மிச்சக் காபியைச் சுட வைத்துக் கொடுக்கலாம்.

வலது தோளுக்குப் புஜக்கட்டை. இடது தோளுக்கு. உள்பக்கம் கையை விட்டு முடிச்சுப் போட்டாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை மழைக்கு, இத்தனை ஈரத்துக்கு, அது வெதுவெதுப்பாக இருக்கக் கூடாது.

கிரீடத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். வாசனை முகத்தில் அறைந்தது. எண்ணெய். வியர்வை. வெயிலில் காய்ந்து வெடித்த சாயம்.

வைத்தாள்.

அவர் மடியில் கிடந்த கைகள் மெல்ல எழுந்தன. இரண்டு பக்கமும் அகலமாக விரிந்தன. அப்படியே நின்றன.

தவளைகள் நின்றுவிட்டன.

“என்…” என்று வாய் எடுத்தவள் சட்டென்று உதட்டைக் கடித்தாள். இல்லை. பேர். முதல் வாய்க்குப் பேர். அவர் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றாள். விளக்கைக் கீழே வைத்தாள். சுவரில் கிரீடத்தின் நிழல் கூரை வரை போயிற்று. மூச்சை இழுத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. புளிப்பானை. எண்ணெய்த் தூக்கு. சொன்னாளே. இப்போது சொல்லேன். சொல்லு.

வாயைத் திறந்தாள்.

சமையலறையில் ஏதோ அலறியது.

“என்னங்க!”

மிக்ஸி. மின்சாரம் வந்துவிட்டது. திருகிய குமிழை அவள் திருப்பி வைக்கவில்லை. பின்கட்டு டியூப்லைட் ஒருமுறை துடித்தது, இன்னொரு முறை துடித்தது, எரிந்தது. மிக்ஸிதான். வெறும் மிக்ஸி. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

“வந்தேன்” என்றது நிலைப்படி.

சிரிப்பு அப்படியே நின்றது. இருபது வருஷமாக அவள் அப்படித்தான் கூப்பிட்டாள், அவர் அதற்குத்தான் வந்தார். ஆனால் அது பேர் இல்லை. யாருடைய பேரும் இல்லை.

“அப்பாதுரை!” என்று கத்தினாள். தெருவுக்கே கேட்கும்படி. “அப்பாதுரை! அப்பாதுரை!”

முதுகு அசையவில்லை.

அவிழ்த்துவிட்டால் போதும். அவள் கட்டினாள், அவளே அவிழ்ப்பாள். மண்டியிட்டு முதுகில் கையை ஓட்டினாள். நீட்டிக்கொண்டிருந்த தலைப்புகளைத் தேடினாள். இல்லை. கயிறு இருந்தது, அவள் வாங்கிய அதே வெள்ளைக் கயிறு. முடிச்சு இருந்தது. தட்டையாக, வழுவழுப்பாக. தலைப்பு உள்ளே போயிருந்தது. மார்க்கட்டையில். வலது தோளில். இடது தோளில். எல்லாவற்றிலும். நகத்தால் கீறினாள். பல்லால் கடித்தாள். எங்கே தொடக்கம். எங்கே முடிவு. வாயெல்லாம் அரிதாரம். யாரும் யாருக்கும் அரிதாரம் பூசவே இல்லை.

“என்னப் பாருங்க. ஒருவாட்டி திரும்புங்க. என் மூஞ்சியப் பாருங்க!”

கிரீடம் திரும்பியது. மெதுவாக. பாதி வரை. டியூப்லைட் வெளிச்சத்தில் அவருடைய கன்னம், அவருடைய காது, அதன் மேல் பாளம் பாளமாக வெடித்த சிவப்பு. அவள் அவ்வளவு கிட்டே இருப்பதைக் கண்டதும் அந்த முகம் கூசி, அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. தம்பி பெண்டாட்டியை நேராகப் பார்க்காத, மரியாதை தெரிந்த மூத்தார் திரும்பிக்கொள்கிற மாதிரி. கைகள் மட்டும் விரிந்தபடியே இருந்தன. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

“அழாதம்மா, கட்டினவன் வரட்டும். தம்பி ஆபீஸ்ல இருந்து எப்ப வருவான்?”